ஊக்கு குத்துன பை

தாப்பாள் பாதிதான் விழுந்துச்சு. அந்தச் சலவைக் கடைக் கக்கூஸோட தாப்பாள் எப்பவுமே அப்படித்தான். பாதி விழும், மீதிக்கு நம்ம கையாலதான் இழுத்துப் பிடிச்சுக்கணும். ஆனா அவளுக்கு இப்ப ரெண்டு கையும் வேணும். ஒரு கை சட்டையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொரு கை வயித்துல இருந்து வழியறதை அமுக்கிப் பிடிக்க. அதனால மூலையில கிடந்த சோப்புத்தூள் மூட்டையைக் காலாலயே நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தா. மூட்டைக்கு அடியில இருந்து ரெண்டு கரப்பான் ஓடுச்சு. வேற நாளா இருந்தா கத்தி ஊரைக் கூட்டியிருப்பா. இன்னைக்கு அதுங்களைப் பார்த்து, என்னைவிட நீங்க சுத்தம்னு தோணுச்சு.

வயித்துல ஒட்டியிருந்த பை கிழிஞ்சிருச்சு. சும்மா கிழியல, அவளே ஊக்கால குத்துன ஓட்டை பெருசாகிக் கிழிஞ்சிருச்சு. அதுக்கு மேல ஒட்டியிருந்த டேப்பு ஆவியில ஊறி எங்கயோ விழுந்துபோச்சு. மஞ்சளும் பழுப்புமா, வெதுவெதுன்னு, இடுப்புப் பட்டையைத் தாண்டித் தொடைவரைக்கும் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. விரல் இடுக்கெல்லாம் அதேதான். நாத்தம் தொண்டைக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. சொந்த நாத்தம் சொந்தக்காரங்களுக்குத் தெரியாதுன்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கா. சுத்தப் பொய். அவளுக்குத்தான் முதல்ல குமட்டும்.

வெளிய, கடையை நடத்துற அத்தையோட குரல், மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு.

விடுதிக்குப் போக வேண்டிய வெள்ளை விரிப்பு. துவைச்சு, காய வெச்சு, தேய்ச்சு, மடிச்சு அடுக்கினது. அதுல ஒண்ணுல கறை. கறைன்னா சாதாரணக் கறை இல்ல, பீக்கறை. வேன் வர்ற நேரத்துல அடுக்கை ஒரு தடவை மோந்து பார்த்து அனுப்புற பழக்கம் இருந்ததால தப்பிச்சோம், இல்லன்னா விடுதிக்காரன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அத்தை கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கேட்டது மெஷின் அக்காவை. துணியை மெஷின்ல போடுறதும் எடுக்குறதும் அவங்க வேலை. போன வாரம்தான் ஒரு லோடு ஈரத்தை அப்படியே மெஷினுக்குள்ள விட்டுட்டு, புள்ளைக்குக் காய்ச்சல்னு வீட்டுக்கு ஓடிட்டாங்க. மறுநாள் அது பூஞ்சை அடிச்சு, விடுதியில இருந்து திரும்பி வந்துச்சு. இன்னொரு தடவை இப்படி நடந்தா இந்தப் படியை மிதிக்காதேன்னு அத்தை அன்னைக்கே சொல்லிட்டாங்க.

"மொதலாளிம்மா, நான் ரெண்டு அலசு அலசிதான் எடுத்தேன். என் புள்ளை மேல சத்தியமா."

"புள்ளையை எதுக்கு இழுக்குற? இந்த மூக்கு பொய் சொல்லுதுங்குறியா? வேன் போனதும் கணக்கை முடிச்சுக்க. நாளைக்கு வர வேணாம்."

கக்கூஸுக்குள்ள இருந்தவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. அந்த விரிப்பை மடிச்சது அவதான். பெரிய விரிப்பைத் தனியாளா மடிக்கணும்னா ஒரு ஓரத்தைத் தாடையில கவ்விக்கணும், நடுவை வயித்தோட சேர்த்து அமுக்கிக்கணும். அமுக்கினா. அந்த நேரத்துலதான் வயித்துல ஏதோ சில்லுனு, அப்புறம் சூடா. குனிஞ்சு பார்க்காமலே தெரிஞ்சுபோச்சு. விரிப்பை அடுக்கு மேல போட்டுட்டு ஓடி வந்துட்டா.

அவளுக்கு அந்தச் சலவைக் கடையில குச்சின்னு பேரு. இஸ்திரிக்காரர் வெச்சது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல அவ இருந்த இருப்புக்கு, காத்தடிச்சா கொடியில கிளிப்பு போட்டுத்தான் மாட்டி வைக்கணும்னு சொல்லி, அவரே சிரிச்சுக்கிட்டாரு. குடல்ல ஓட்டை விழுந்து, வயிறெல்லாம் சீழ் பிடிச்சு, நடுராத்திரியில கிழிச்சுக் கழுவி, குடலோட ஒரு நுனியை இழுத்து வயித்துக்கு வெளிய வெச்சுத் தெச்சுட்டாங்க. இனிமே எல்லாம் அது வழியாத்தான் வரும், அதுக்கு மேல பை ஒட்டிக்கணும், உள்ளாற ஆறினப்புறம் மறுபடி சேர்க்க முடியுமான்னு பார்க்கலாம்னு டாக்டர் சொன்னாரு. முடியும்னு சொல்லல. பார்க்கலாம்னுதான் சொன்னாரு.

அம்மா அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க. வயித்துல ஆபரேஷன், அவ்வளவுதான். வெளிய யார் கேட்டாலும் அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. பெரியம்மா கிடையாது, சித்தப்பா கிடையாது, ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் கிடையவே கிடையாது. அப்பாவோட சொந்தத் தங்கச்சி, இந்த அத்தைக்கும் கிடையாது. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னு ஒரே பிடி. அப்பா வாயைத் திறந்தா அம்மா ஒரு பார்வை பார்ப்பாங்க, அப்பா மூடிக்குவாரு.

பை மாத்துறதும் அம்மாதான். கதவைச் சாத்திட்டு, கையைச் சுருட்டி விட்டுட்டு, அவளைப் படுக்க வெச்சு, அந்தப் பக்கம் திரும்பிக்கோம்பாங்க. அவ சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்குவா. சுவத்துல ஒரு விரிசல் இருக்கு, ஆறு மாதிரி கிளை பிரிஞ்சு போகும். மாசக்கணக்கா அந்த ஆத்தைத்தான் பார்த்திருக்காளே தவிர, தன் வயித்துல இருக்குறதை ஒரு தடவைகூட நேருக்கு நேர் பார்த்ததில்ல. குளிக்கும்போதும் சட்டையோடதான் குளிப்பா. அதை நினைச்சாலே யாரோ செத்த எதையோ கொண்டுவந்து தன்மேல ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும்.

வீட்டுக்குள்ளயே கிடந்தா புள்ளை பைத்தியமாயிடும், நாலு மனுஷங்களோட இருக்கட்டும்னு டாக்டரும் அப்பாவும் சேர்ந்து சொல்லித்தான் இந்தக் கடைக்கு அனுப்பினாங்க. லேசான வேலை, மடிக்கிறது, துணியில நம்பர் சீட்டை ஊக்கால குத்துறது. போயும் போயும் இந்த அத்தைகிட்டயான்னு அம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. காரணம் இருக்கு. அத்தைக்கு மூக்குதான் மூலதனம்.

கடையில உள்ளே நுழைஞ்சதும் ஒரு நீள மேசை. எல்லாரும் அதை நாத்த மேசைம்பாங்க. வர்ற துணி ஒண்ணொண்ணையும் அதுமேல விரிச்சு, அத்தை மூக்கை வெச்சு ஒரு இழுப்பு இழுப்பாங்க. கறுப்புத் துணியில கறை கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும்னு சொல்வாங்க. வேர்வைக்கு ஒரு கூடை, எண்ணெய்க்கு ஒண்ணு, ரத்தத்துக்கு ஒண்ணு, மத்ததுன்னு ஒண்ணு. அந்த மத்ததுல விழுறதைப் பத்திப் பேசாம இருக்குறதே மேல்.

முதல் வாரம் அவளுக்குச் சோறு இறங்கல. கழுத்துப் பட்டையில கறுப்பா மெழுகு மாதிரி அழுக்கு. சளி காய்ஞ்சு அப்பளமாப் போன கைக்குட்டை. நிக்க வெச்சா தானா நிக்கிற சாக்ஸ். எதிர்த்த தெரு வக்கீலோட தலையணை உறையில எச்சில் ஊறி ஊறித் தேச வரைபடம். ரோட்டுல நடந்தா பூந்தோட்டமே நடந்து போற மாதிரி வாசம் அடிக்கிற டான்ஸ் டீச்சரோட ரவிக்கை அக்குள் மஞ்சளாப் பாறையா இருந்துச்சு. ஒரு கோட்டுப் பாக்கெட்டுல கடிச்சுப் போட்ட நகமா ஒரு குத்து. யாரோட உள்பாவாடையிலயோ மாசக்கறை. ஒரு பெரிய மனுஷரோட படுக்கை விரிப்பு நடுவுல வட்டமா, சிறுநீர் காய்ஞ்சு நெடி கண்ணைக் கரிச்சுச்சு. அத்தை அதை மோந்துட்டு, பாவம், மனுஷனுக்கு மறுபடியும் சர்க்கரை ஏறிடுச்சு போலன்னு சொல்லிட்டுக் கூடையில போட்டாங்க. ரொம்ப சாதாரணமா, மழை வரும் போலன்னு சொல்ற மாதிரி.

ஊருல இருக்குற அத்தனை பேரும் நாறுறாங்கன்னு தெரிஞ்சதுல அவளுக்கு முதல்ல ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்துச்சு. அப்புறம் அதுவும் கசந்துபோச்சு. அவங்க நாத்தத்தைக் கழட்டிக் கூடையில போட்டுட்டு ரசீது வாங்கிட்டுப் போறாங்க. இவளோடது இவமேலயே தெச்சு வெச்சிருக்கு.

இதுல பயம் வேற. வயித்துல இருக்குற அது எப்ப சத்தம் போடும்னு சொல்ல முடியாது. நமக்கு வர்ற மாதிரி அடக்கி வைக்கிற விஷயமில்ல, அதுக்குத் தோணினப்ப பொர்ர்ருனு விட்டுடும். ஒருநாள் எல்லாரும் அமைதியா இருக்குற நேரமாப் பார்த்து விட்டுச்சு. அவ உறைஞ்சு நின்னா. இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்த்துட்டு, மெஷின் பெல்ட் தேயுது மொதலாளிம்மா, எண்ணெய் விடணும்னு எழுந்துபோய் எண்ணெய் விட்டுட்டு வந்தாரு. அவளுக்குச் சிரிப்பு வரல. இன்னொரு பக்கம், வாயு சேரச் சேரப் பை பலூன் மாதிரி உப்பும். அப்பாவோட பழைய சட்டையைத்தான் தொளதொளன்னு போட்டுக்கிட்டு வருவா. அப்பவும் முட்டிக்கிட்டுத் தெரியும். கக்கூஸுக்குப் போய் பையோட கீழ்க் கிளிப்பைத் திறந்து விட்டுட்டு வரலாம்தான். ஆனா அடிக்கடி போனா கேப்பாங்க. போயிட்டு வந்த வாசம் வேற.

அப்பத்தான் அந்தப் பெரிய மூளை வேலை செஞ்சுச்சு. நம்பர் சீட்டு குத்துற ஊக்கை எடுத்துப் பை மேல்பக்கமா ஒரு குத்து. வாயு அதுபாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும், பை உப்பாது, யாருக்கும் தெரியாது. குத்தினதும் புஸ்ஸுனு அமுங்குச்சு. அடடா, இதை ஏன் ஒரு டாக்டரும் சொல்லலன்னு பெருமைப்பட்டுக்கிட்டா. உப்பலைத்தான் அவ நினைச்சா, அந்த ஓட்டை வழியா நாத்தம் நாள் பூரா விடாமக் கசியும்னு அவளுக்கு உறைக்கல. உறைச்சப்புறம் மேல டேப்பு ஒட்டினா. டேப்பு ஒரு மணி நேரம் தாங்கும். அம்மா மாத்துற புதுப் பையிலயும் கடைக்கு வந்ததும் குத்துவா, ஒட்டுவா. விட முடியல. அத்தை மூக்கை உறிஞ்சிக்கிட்டு, எங்கயோ எலி செத்துக் கிடக்குதுன்னு சொன்னாங்க. இஸ்திரிக்காரர் மெஷினையெல்லாம் நகர்த்தித் தேடினாரு. பழைய சாக்ஸும் ஒரு பொத்தானும்தான் கிடைச்சுச்சு.

இப்ப எலி இங்க, கக்கூஸுக்குள்ள நிக்குது.

மாத்துப் பை இருக்கு. காலையில அம்மா பழைய பென்சில் பவுச்சுல பை, பஞ்சு, கத்தரி எல்லாம் வெச்சு அவ ஸ்கூல் பைக்குள்ள திணிச்சு அனுப்புவாங்க. அந்த ஸ்கூல் பை நாத்த மேசைக்குப் பக்கத்து ஆணியில, அத்தையோட மூக்குக்கு ஒரு முழம் தள்ளித் தொங்குது.

கதவு ஆடுச்சு. மூட்டை உள்பக்கமா நகர்ந்துச்சு. மூஞ்சி கழுவிக்கிட்டு அழுறதுக்கு ஒரு இடம் தேடி வந்த மெஷின் அக்கா, உள்ள ஆள் இருக்குறது தெரியாம ஒரே தள்ளு. அந்தக் கைக்கு ஈர விரிப்பு மூட்டையே பஞ்சு. கதவு பாதி திறந்துக்கிச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அக்கா கண்ணு மூஞ்சில இருந்து சட்டைக்கு, சட்டையில இருந்து கைக்கு, கையில இருந்து தரைக்கு இறங்குச்சு. அப்புறம் ஒரு ஓங்கரிப்பு. திரும்பி வெளிய இருந்த தொட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டாங்க.

இதுக்குத்தான் அவ பயந்தா. இத்தனை மாசமா மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்த காட்சி இதுதான். யாராவது பார்ப்பாங்க, பார்த்ததும் வாந்தி எடுப்பாங்க. இதோ எடுத்துட்டாங்க.

அக்கா வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து, கதவைத் தன் முதுகால சாத்தி நின்னுக்கிட்டாங்க. "என்னடி இது?"

அவ சொன்னா. எங்க ஆரம்பிச்சு எங்க முடிச்சான்னு அவளுக்கே தெரியாது. ஆபரேஷன், பை, ஊக்கு, எலி, ஆணியில தொங்குற ஸ்கூல் பைக்குள்ள இருக்குற பவுச்சு. சொல்லச் சொல்ல அக்காவோட மூஞ்சி மாறுச்சு. பரிதாபமா மாறும்னு அவ எதிர்பார்த்தா. மாறல. கோபமா மாறுச்சு.

"அப்போ அந்த விரிப்புல இருந்தது?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"எம் பொழப்புல வந்து விழணுமா உன் பீ? வேன் போனா நானும் போறேன், காதுல விழுந்துச்சுல்ல?"

"அத்தைகிட்ட சொல்லாதீங்கக்கா. அம்மா செத்துருவாங்க. ப்ளீஸ்க்கா."

அக்கா ஒரு மாதிரி சிரிச்சாங்க. "நான் எதுக்குச் சொல்லணும்? பீ உன்னுது. வாயும் உன்னுது."

சொல்லிட்டுப் போயிட்டாங்க. போனவங்க போயிட்டாங்கன்னு நினைச்சா, திரும்பி வந்தாங்க. ஒரு கையில பென்சில் பவுச்சு, இன்னொரு கையில தண்ணி வாளி, தோள்ல ஒரு துண்டு, யாரோ வாடிக்கையாளர் வாங்காம விட்டுட்டுப் போன பேன்ட் ஒண்ணு. மூக்குல கொடிக்கு மாட்டுற கிளிப்பு. நிஜமா, மர கிளிப்பை மூக்குல கவ்வ வெச்சுக்கிட்டு, குரல் பொட்டியில இருந்து வர்ற மாதிரி, "சீக்கிரம் முடி, எனக்கு மறுபடியும் வருது"ன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் தரையில வெச்சுட்டுக் கதவை வெளிய இருந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. தாப்பாள் விழாத கதவு. அக்கா விடல.

அவ பவுச்சைத் திறந்தா. அம்மா எல்லாத்தையும் மாத்துற வரிசையிலயே அடுக்கியிருந்தாங்க. கிழிஞ்ச பையோட ஓரத்தைப் பிடிச்சு உரிச்சா. தோல் கூடவே வர்ற மாதிரி எரிஞ்சுச்சு. இங்க சுவரும் இல்ல, ஆறும் இல்ல. வேற வழி இல்லாம குனிஞ்சு பார்த்தா.

சிவப்பா இருந்துச்சு. ஈரமா, கொழகொழன்னு, தோல் உரிச்ச தக்காளி மாதிரி. சுத்தியிருந்த தோல் வெந்துபோன மாதிரி. அவ பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அது தன்னால சுருங்கி விரிஞ்சுச்சு. உயிரோட இருக்குற எதையோ பார்த்த மாதிரி அவளுக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சு. வாய்ல எச்சில் ஊறுச்சு, வாந்திக்கு முன்னால ஊறுமே அது. முழுங்கினா. துண்டை நனைச்சுத் துடைச்சா. வலிக்கும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தொட்டா, வலிக்கவே இல்ல. தோல்தான் எரிஞ்சுச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியல. துடைச்சு முடிக்கிறதுக்குள்ள அது இன்னும் கொஞ்சம் கக்குச்சு. மறுபடி துடைச்சா. மறுபடி கக்குச்சு. உனக்கு வேற வேலையே இல்லையான்னு சத்தம் வராமக் கேட்டுட்டா.

கேட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு வேற வேலையே இல்லதான்.

ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல வயிறு மத்தளம் மாதிரி வீங்கிக் கிடந்துச்சு. பை காலியா தொங்கும். டாக்டர் காலையில வந்ததும் அவ மூஞ்சியைப் பார்க்க மாட்டாரு, பையைத்தான் பார்ப்பாரு. காத்து வந்துச்சா? இல்ல டாக்டர். சாயங்காலம் நர்ஸ் அதையேதான் கேப்பாங்க. பக்கத்துக் கட்டில்காரம்மா, அவங்களைப் பார்க்க வந்தவங்க, தரை துடைக்கிறவர், எல்லாருமா அவளோட குசுவுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு மத்தியானம் பை லேசா உப்புச்சு. அம்மாதான் முதல்ல பார்த்தாங்க. ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டாங்க. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு, தோள் குலுங்குச்சு. பக்கத்துக் கட்டில்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவ மயக்கத்துல இருந்தாலும் அந்த நிமிஷம் ஒண்ணு நினைச்சா. அப்பாடான்னு. செத்துப்போக மாட்டோம்னு.

எந்தக் காத்துக்கு அத்தனை பேர் காத்துக்கிட்டு இருந்தாங்களோ, அந்தக் காத்து வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அவ ஊக்கை எடுத்துக் குத்தியிருக்கா.

அசிங்கம் அசிங்கம்தான். அது ஒண்ணும் அழகாயிடல. குமட்டல் நிக்கல. ஆனா செத்த எதையோ ஒட்டி வெச்சிருக்காங்கன்னு இத்தனை நாள் நினைச்சது தப்பு. அவ உடம்புலயே ஓயாம வேலை பார்க்குறது அதுதான்.

புதுப் பையில ஓட்டை வெட்டினா, கோணலா வந்துச்சு. ஒட்டினா, அதுவும் கோணல். அப்புறம் என்ன செய்யணும்னு தெரியல. கண்ணை மூடிக்கிட்டு அம்மா என்ன செய்வாங்கன்னு யோசிச்சா. கடைசியா அம்மா உள்ளங்கையை வயித்துமேல வெச்சு ரொம்ப நேரம் அப்படியே இருப்பாங்க. தன்னைத் தடவிக் கொடுக்குறாங்கன்னுதான் அவ நினைச்சிருந்தா. இப்பத்தான் புரிஞ்சுச்சு, கையோட சூட்டுலதான் அது ஒட்டும். தன் கையை வெச்சுப் பார்த்தா. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. அக்குளுக்குள்ள வெச்சுச் சூடாக்கி மறுபடி வெச்சா.

வெளிய வேன் ஹாரன் அடிச்சுச்சு.

கதவைப் பிடிச்சிருந்த அக்கா அவளுக்கு வழிவிட்டாங்க. மூக்குல இருந்த கிளிப்பை மட்டும் எடுக்கல.

அத்தை மேசையில அந்த விரிப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு இடுப்புல கை வெச்சு நின்னாங்க. இஸ்திரிக்காரர் மத்ததையெல்லாம் தூக்கி வேன்ல ஏத்திக்கிட்டு இருந்தாரு. அவ மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னா. ரொம்ப நீளமாச் சொல்லணும்னு வழியில யோசிச்சு வெச்சிருந்தா, வந்தது ரெண்டே வார்த்தைதான்.

"என்னோடது, அத்தை."

அத்தைக்குப் புரியல. என்னது என்னோடதுன்னு கேட்டாங்க. அவ சட்டை நுனியைத் தூக்கினா. பை சரசரத்துச்சு. அத்தை பார்த்தாங்க. மூஞ்சி சுளிச்சுச்சு. மறைக்கல, அப்படியே சுளிச்சாங்க, நாத்த மேசையில எதையும் பார்த்து இப்படிச் சுளிச்சு அவ பார்த்ததில்ல. அவளுக்கு உள்ள ஏதோ படக்குனு அறுந்துச்சு. சட்டையை விட்டுரலாம்னு பார்த்தா. அத்தை அவ மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க, குனிஞ்சு ஒரு இழுப்பு இழுத்தாங்க. எப்பவும் போல.

"இதுல வாசம் வரலையே. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு?"

பழைய பையில ஊக்கு குத்தினதைச் சொன்னா.

"ஊக்கா? என் கடை ஊக்கா?" அத்தைக்கு அதுதான் பொறுக்கல. "ஏண்டி மருமகளே, காத்து போற இடத்துல நாத்தம் போகாதா? பதினோராவது வரைக்கும் என்னத்தைப் படிச்ச?"

அப்புறம் திட்டு அவளை விட்டு அவ அப்பா அம்மா மேல தாவிடுச்சு. சொந்தத் தங்கச்சிகிட்ட மறைப்பானாமே அண்ணன்காரன், ஊரு நாத்தத்தையெல்லாம் மோந்து குடும்பம் நடத்துறவகிட்ட எந்த நாத்தத்தை மறைக்கப் பார்த்தாங்களாம், ஒரு வாரமா இல்லாத எலியைத் தேடி என் மெஷின் கால் வளைஞ்சதுதான் மிச்சம்னு பொரிஞ்சு தள்ளினாங்க. வேன்ல இருந்து திரும்பி வந்த இஸ்திரிக்காரர் பாதியைக் கேட்டுட்டு, அப்போ அது பெல்ட் இல்லையான்னு கேட்டாரு. அவரே புரிஞ்சுக்கிட்டு, எண்ணெய் வீணாப் போச்சேன்னு முனகிக்கிட்டுப் பெட்டியைச் சூடு பண்ணப் போயிட்டாரு.

மெஷின் அக்காகிட்ட அத்தை மன்னிப்பெல்லாம் கேக்கல. அத்தைக்கு அது வராது. கறை பட்ட விரிப்பைச் சுருட்டி அக்கா கையில கொடுத்து, பச்சைத் தண்ணியில அலசு, வெந்நீர் பட்டுச்சுன்னா கறை பதிஞ்சுடும்னு சொன்னாங்க. அக்கா வாங்கிக்கல. நாளைக்கு வரணுமா வேணாமான்னு முதல்ல சொல்லுங்கன்னு நின்னாங்க. மூக்குல கிளிப்போட நின்னதால கேள்வி வேடிக்கையா இருந்துச்சு, ஆனா கண்ணு வேடிக்கையா இல்ல. அத்தை வேற பக்கம் பார்த்துக்கிட்டு, வராம எங்க போவ, காலையில நேரத்தோட வான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அக்கா கை நீண்டுச்சு. நீண்ட கை விரிப்பை வாங்கி அப்படியே குச்சிகிட்ட நீட்டுச்சு.

"உன்னுதை நீ அலசு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அலசினா. குமட்டிக்கிட்டே அலசினா. பச்சைத் தண்ணியில கறை மஞ்சளா நூல் நூலாப் பிரிஞ்சு போச்சு. சட்டையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுத்தான் நின்னா, பை பாதி தெரிஞ்சுது. அது நடுவுல ஒரு தடவை பொர்ர்ருனு விட்டுச்சு. அக்கா கிளிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கிட்டாங்க. குழாயை நிறுத்தாம அவளும் அலசிக்கிட்டே இருந்தா.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போலக் கதவைச் சாத்திட்டு, கையைச் சுருட்டி விட்டுக்கிட்டு வந்தாங்க. வேற யாரோட பேன்ட்டையோ அவ போட்டிருக்குறதை முதல்ல பார்த்தாங்க. அப்புறம் சட்டையைத் தூக்கினாங்க. கோணலா ஒட்டியிருந்த பையைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. யாரு மாத்துனதுன்னு கேட்டாங்க. நான்தான்னா. பார்த்தியான்னு கேட்டாங்க. பார்த்தேன்னா. கட்டில் ஓரத்துல மெதுவா உட்கார்ந்தாங்க. யாருக்கெல்லாம் தெரியும்னு கேட்டதுக்கு, அத்தைக்கு, மெஷின் அக்காவுக்கு, இஸ்திரிக்காரருக்குப் பாதின்னு சொன்னா. அம்மா திட்டுவாங்கன்னு பார்த்தா. திட்டல. அந்தப் பாதியைக் கேட்டுச் சிரிக்கவும் இல்ல. தன் கையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. சோப்புப் போட்டுப் போட்டு வெளுத்து, நக ஓரமெல்லாம் வெடிச்ச கை. இந்தக் கையை இத்தனை மாசத்துல அவ இன்னைக்குத்தான் பார்க்குறா. எப்பவும் சுவத்தைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தா.

ஒரு தடவை மாத்தினதுக்கே எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சே, உனக்கு வந்ததே இல்லையாம்மான்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. தேங்க்ஸ்னு சொல்லணும்னும் வந்துச்சு. அந்த வார்த்தையை அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கடைக்காரன்கிட்ட மீதி வாங்கின மாதிரி இருக்கும். ரெண்டையும் முழுங்கிட்டா.

"கோணலா இருக்கு. விடியறதுக்குள்ள கசிஞ்சுடும்"னு சொல்லி அம்மா எழுந்தாங்க. நானே மாத்துறேன்னு சொன்னா, நாளைக்கு மாத்திக்கோன்னாங்க. ஓரத்தைப் பிடிச்சு உரிக்கக் குனிஞ்சவங்க, பழக்க தோஷம், எப்பவும் சொல்றதையே சொன்னாங்க.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

கழுத்து தானாவே திரும்ப ஆரம்பிச்சு, பாதியில நின்னுடுச்சு. இந்தப் பக்கம் அம்மாவோட மூஞ்சி, அந்தப் பக்கம் சுவத்துல அந்த ஆறு. எந்தப் பக்கம் பார்க்குறதுன்னு தெரியாம அவ கண்ணை மூடிக்கிட்டா. வயித்துல அம்மா கை படுறது மட்டும் தெரிஞ்சுச்சு. இத்தனை நாளும் அம்மா திரும்பிக்கச் சொன்னது, அதை அவ பார்த்துடக் கூடாதுன்னா, இல்ல அதைப் பார்க்கும்போது அம்மாவோட மூஞ்சி எப்படிப் போகுதுங்கறதை அவ பார்த்துடக் கூடாதுன்னா?